தோட்டமே சேர்ந்து திறந்த குழாய்

1

இரண்டு மாதங்களுக்கு முன்னால் என் அண்ணன் முருகேசு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இலங்கை மலையகத்தில், டயகம பஜாரில் அவர் ஓட்டோ நிறுத்தும் இடத்துக்கு எதிரே, இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவில் ஒரு பெரிய பேனர். அதில் நான். யாரோ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். ஒரு பக்கம் இரண்டாக வெட்டிய அவித்த முட்டை, மறுபக்கம் ஒரு கிண்ணம் பருப்பு. மேலே கொட்டை எழுத்தில், 'பிளாஸ்டிக்கில் புரதம் கண்ட டயகமத் தங்கமே, வாழ்க வாழ்க!'

உடனே போன் எடுத்தேன்.

"அண்ணே, என்னாண்ணே இது?"

"ஏன் விஜயா, படம் நல்லா இல்லியா? மூக்குத்தி சரியா விழலன்னு ஒங்க அண்ணியும் சொன்னா."

"முட்டை எதுக்கு?"

"புரதம்னா என்னான்னு சனத்துக்குப் புரிய வேணாமா?"

"நான் செய்யிறது புரதம் இல்லண்ணே. புரதம் மாதிரி."

"மாதிரின்னா?"

"அது மாதிரியே மடங்கும். அது செய்யிற வேலையில கொஞ்சத்தச் செய்யும். ஆனா அது இல்ல."

"மாதிரின்னு போட பேனர்ல எடம் பத்தாது," என்றார்.

பிறகுதான் உண்மையான குண்டைத் தூக்கிப் போட்டார். மாரியம்மன் திருவிழாவில் சனிக்கிழமை சாயந்தரம், பள்ளிக்கூடத்து புரொஜெக்டரைக் கேட்டு வாங்கி, கோயில் மண்டபத்தில் என்னைத் திரையில் காட்டப் போகிறார்களாம். நான் வேலை செய்யும் இடத்தை எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பார்க்க வேண்டுமாம். அது கூடப் பரவாயில்லை.

"தாரணியும் ரெண்டு வார்த்தை பேசட்டும். நம்ம தலைவரு சொல்றாரு, வெளிநாட்டுக்குப் போன புள்ளைங்க எல்லாம் தமிழ தண்ணியில கரைச்சிருச்சுங்கன்னு. நான் மைக்குலயே சொல்லிட்டேன், எந் தங்கச்சி மக பேசுவான்னு."

"யாரக் கேட்டுண்ணே சொன்னீங்க?"

"ஏன், பேச மாட்டாளா?"

எனக்கே தெரியாது.

2

தாரணிக்குப் பதினாலு வயது. நெதர்லாந்தில் பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். சண்டைகூட இப்படித்தான் நடக்கும். அவளுடைய அப்பா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். சின்ன வயதில் நன்றாகத்தான் பேசினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் ஒவ்வொரு சொல்லாக நின்றது. கடைசியாக மிஞ்சியது 'ம்', 'இல்ல'. பிறகு 'இல்ல'வும் டச்சுக்கு மாறிவிட்டது.

அவளுக்குப் புரிகிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. "சாப்பிட வா" என்றால் வருகிறாள். ஆனால் நெத்தலிக் குழம்பு வாசத்துக்கு எந்தப் பாஷைக்காரரும் வருவார்கள். ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். "மழை வருது, பால்கனியில துணி காயுது, எடு" என்றேன். அசையவில்லை. ஆனால் டயகமவிலேயே பிறந்து வளர்ந்த பதினாலு வயதுப் பிள்ளை மட்டும் எடுத்துவிடுமா? சோதனை தோல்வி என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். தோட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் வாயைத் திறக்காமல் நிற்பாள். அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிவார். அதற்கப்புறம் எனக்கும் அந்த ஊருக்கும் நடுவில் இருக்கிற கயிறு என்னோடு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கும்தான்.

3

நானும் ஒரு காலத்தில் இந்த நாட்டில் மொழி தெரியாமல் நின்றவள்தான். டச்சு வகுப்பின் முதல் நாள். "யாருக்காவது ஏற்கெனவே ஒரு டச்சுச் சொல்லாவது தெரியுமா?" என்று ஆசிரியை கேட்டார். நான் துணிந்து கை தூக்கினேன். ஒல்லாந்தர் என்ற இந்த டச்சுக்காரர்கள் நம் நாட்டை ஆண்டுவிட்டுப் போகும்போது சில சொற்களை விட்டுப் போயிருந்தார்களே! அலுவலகத்துக்குக் கந்தோர், மேசை இழுப்பறைக்கு லாச்சி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் முன்வாசலுக்கு இஸ்தோப்பு. மூன்றையும் சொன்னேன். ஆசிரியை கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒன்று தெரியும் என்று எழுந்து நின்று "கக்கூஸ்" என்றேன்.

ஆசிரியையின் காது சிவந்துவிட்டது. அந்தச் சொல்லை மரியாதைப்பட்டவர்கள் இப்போது சொல்வதில்லை என்றார். எங்கள் லயத்தில் எல்லாரும் காலையில் வாளியோடு வரிசையில் நின்று மரியாதையாகத்தான் சொன்னோம்.

நகரசபைக் கந்தோரில் இன்னொரு கூத்து. பிறந்த வீட்டின் தெருப் பெயர் வேண்டுமாம். மூன்றாம் டிவிசன், மேட்டு லயம், ஆறாவது காம்பரா, அதாவது ஆறாவது வீடு, என்றேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. "எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் நடுவில்?" என்று கேட்டாள் அங்கே பதிகிற பெண். "தேயிலைக்கும் தேயிலைக்கும் நடுவில்" என்றேன். பிறகு என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் புரட்டினாள். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது.

"நீங்கள் இந்தியரா?"

"இல்லை. இலங்கை."

"இங்கே இந்திய என்று இருக்கிறதே?"

"என் பாட்டனுக்குப் பாட்டன் அங்கேயிருந்து வந்தவர்."

"அப்படியானால் இந்தியர் மாதிரி?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சரி, மாதிரிதான், எழுதிக்கொள் தாயே என்று வந்துவிட்டேன்.

4

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் முட்டையையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குடியுரிமைக்கான வாய்மொழிப் பரீட்சையில் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது, தெரிந்த டச்சில் "பிளாஸ்டிக் மடிக்கிறேன்" என்றேன். பரீட்சகர் என்னைப் பை தயாரிக்கிற தொழிற்சாலைக்காரி என்று நினைத்து, அதற்கப்புறம் ரொம்ப மெதுவாகப் பேசினார். நல்ல புள்ளி கிடைத்தது. நான் திருத்தவில்லை.

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. தண்ணீரில் தானாகவே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். வடிவம் வந்தபிறகுதான் அதற்கு வேலை செய்யத் தெரியும். சாப்பாட்டைச் செரிக்கும், இரத்தத்தை உறையவைக்கும். மடியாத வரைக்கும் வெறும் நூல். நாங்கள் பிளாஸ்டிக்கின் உறவுக்காரப் பொருட்களிலிருந்து அதே போல ஒரு நீண்ட சங்கிலியைக் கட்டுகிறோம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் கைகளைக் கோக்கிறோம். தண்ணீரில் விட்டால் ஒவ்வொரு சங்கிலியும் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உருண்டையாகிவிட வேண்டும். உடம்பில் நோய் இருக்கிற இடத்தில் மட்டும் மருந்தை எழுப்பிவிட இந்த உருண்டைகள் ஒருநாள் உதவும் என்கிறார்கள். அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு உருண்டையானாலே பெரிய காரியம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. மடிகிற நேரத்தில் சங்கிலி தனியாக இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் ஒன்றின் கையை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வந்து அதைப் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகிவிடும். பிறகு பிரிக்க ஆண்டவனாலும் முடியாது. அதனால் ஒரு பாத்திரத்தில் இருபது லீட்டர் தண்ணீரைச் சுழலவிட்டு, மேலே சங்கிலிக் கரைசல் நிறைத்த புனலை வைத்து, அதன் குழாயைத் துளி திறந்து, ஒரு சொட்டு விட்டு அது மடிந்த பிறகு அடுத்த சொட்டு. காலையில் தொடங்கினால் சாயந்தரம்.

நான் வளர்ந்த லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் யாராவது இருமினால் கடைசிக் காம்பராவிலிருந்து "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று சத்தம் வரும். பீலி என்கிற பொதுத் தண்ணீர்க் குழாயில் ஒரு குடம் தண்ணிக்குச் சண்டை போட்டவள் நான். ஒரு சிட்டிகைப் பொருளுக்கு இருபது லீட்டரா என்று வயிறு எரிந்து, ஆரம்பத்தில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். எல்லாம் கட்டி. எங்கள் பேராசிரியர், அவரை வீட்டில் நாங்கள் தோட்டத்து மேனேஜரைப் போலப் பெரிய தொரை என்றுதான் சொல்வோம், கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவர்களுக்கு இடம் கொடு" என்றார். அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்போதும் சாத்தியிருக்கும் தாரணியின் அறைக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாத்திரம் ஞாபகம் வரும். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம்.

5

அண்ணன் குறித்த சனிக்கிழமை எங்கள் ஆய்வுகூடத்தில் குடும்பத்தாரை அழைத்துவரலாம் என்று விட்ட நாள். எனக்கோ அன்றைக்குத்தான் சொட்டு விட்டாக வேண்டும். எங்கள் வேலை தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்; அவர்களுக்குக் காட்ட வேண்டிய சரக்கு அது. ஆகவே அங்கிருந்தே பேசுவது என்றும், தாரணி போனைப் பிடித்துக்கொள்வது என்றும் ஏற்பாடு. பஸ்ஸில் வரும்போதே, போன் மட்டும்தான் பிடிப்பேன், பேச மாட்டேன் என்று டச்சில் சொல்லிவிட்டாள்.

"வணக்கம் மட்டும் சொல்லுடி. ஒரே ஒரு வணக்கம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்களுக்குப் பிற்பகல், அங்கே பொழுது சாய்கிற நேரம். போனில் மண்டபம் தெரிந்தது. வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாகப் பிள்ளைகள், பின்னால் பெண்கள், அதற்குப் பின்னால் பனி. தோட்டத் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக அறிவித்து, அதைத் திரைக்குப் போர்த்திவிட்டார். என் முகம் போய் ஜரிகைதான் தெரிந்ததாம். எடுங்க, எடுங்க என்று ஒரே கூச்சல். எடுத்தபிறகு தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டேயிருந்தார். கடைசியில் அண்ணன் மைக்கை வாங்கி, "இப்ப மிசினப் பாக்கலாம்" என்றார்.

தாரணி போனைப் புனலுக்கு நேரே பிடித்தாள்.

ஒரு சொட்டு விழுந்தது. தோட்டமே பார்த்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"என்னா தங்கச்சி, பீலி அடைச்சுக்கிச்சா?"

"இல்லண்ணே. இப்பிடித்தான் சொட்டணும். சாயந்தரம் வரைக்கும்."

"இங்க சாயந்தரமாயிருச்சே!"

ஒரு பெண் குரல், இதைக் குழந்தைகளுக்குக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டது. சாப்பிடுற சாமான் இல்லக்கா என்றேன். பின்னே முட்டை ஏன் போட்டிருக்கு என்று இன்னொரு குரல். மேகம் கட்டுகிறது, கரண்ட் போய்விடும், சீக்கிரம் முடியுங்க என்று ஸ்பீக்கர்காரர் அவசரப்படுத்தினார். சும்மா இருந்த தப்பு மேளக்காரர்கள் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பழனியம்மா அக்காவின் குரல். எங்கள் பக்கத்துக் காம்பரா. மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவளை இந்தப் பக்கமிருந்தே கூப்பிடுகிற தொண்டை.

"அடியே, தொறந்துதான் வுடேன் புள்ள! எம்புட்டு நேரம் சொட்டுறது?"

சரியாக அந்த நேரம் பார்த்து, கதவருகே வேறொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்த பெரிய தொரை என்னைக் கூப்பிட்டார். திரும்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்குப் பின்னால் மண்டபம் முழுக்கச் சேர்ந்து கத்துவது கேட்டது.

"பாப்பா, நீ தொறந்து வுடு தாயி! தொற! தொற!"

திரும்பினேன். தாரணியின் ஒரு கையில் போன். மற்றக் கை குழாயில். குழாய் முழுசாகத் திறந்திருந்தது.

புனல் காலி. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டி சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சு!" என்று தோட்டமே ஆர்ப்பரித்தது. தப்பு பிளந்து கட்டியது. வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். "பாத்தீங்களா சனங்களே, புரதம் தெரண்டு வருது!" என்று அண்ணன் மைக்கில் அலறினார். இட்லிக்கு ஊத்துற பதம் என்றார் ஒருவர்.

"அடிப் பாவி," என்றேன் மெதுவாக. "கெட்டுப் போச்சுடி. திங்கக்கெழமைக்கு வச்சிருந்தது எல்லாம் கட்டியாப் போச்சு."

தாரணியின் முகம் வெளுத்தது.

போனில் அண்ணன், "தங்கச்சி, ரெண்டு வார்த்தை!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன், பேனரும் இருக்கட்டும், முட்டையும் இருக்கட்டும் என்றுதான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள்.

மண்டபத்தில் சத்தம் குறைந்தது.

"மாமா, கெட்டுப் போச்சு. இது சரியா வரல. நீங்க எல்லாரும் சொன்னீங்க, நாந்தான் தொறந்துட்டேன்."

தப்பு ஒவ்வொன்றாக நின்றது. 'தொறந்துட்டேன்' என்று அச்சு அசலாக மேட்டு லயத்துப் பேச்சு. இதை யார் கற்றுக்கொடுத்தது? நான் வாரத்தில் ஏழு நாளும் போனில் அண்ணனோடு கத்துகிறவள். அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் வீட்டுச் சுவரும் கூரையைத் தொடவில்லை போலிருக்கிறது.

முதலில் பழனியம்மா அக்காதான் பேசினாள். "நாங்க சொன்னதத்தானே புள்ள செஞ்சிச்சு! கெடுத்தது நாங்க. ஏ விஜயா, அவள ஏசுன, பாத்துக்க!"

அண்ணனுக்குக் கெட்டுப் போனதெல்லாம் காதில் ஏறவேயில்லை. "பேசிருச்சு! எந் தங்கச்சி மக பேசிருச்சு! தலைவரே, கேட்டீங்களா?" என்று மைக்கை வைத்துக்கொண்டு குதித்தார். தலைவர் என்ன சொன்னார் என்று தெரியாது. கரண்ட் போய்விட்டது.

6

திங்கட்கிழமை காலையில் பெரிய தொரை பாத்திரத்தைப் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"எங்கள் தோட்டம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திறக்கக் கூடாது என்று அவர்களுக்கு விளக்கவில்லையா?" என்றார்.

"இப்படித்தான் சொட்ட வேண்டும் என்று சொன்னேன். ஒன்று சொட்டிக்கொண்டிருந்தால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு வராது."

வந்தவர்களுக்குக் கட்டியையே காட்டினோம். சங்கிலிகள் நெருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் என்று பெரிய தொரை கூசாமல் சொன்னார். அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இன்னொரு தடவை செய்து நல்ல சரக்கை அனுப்புங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்று போனார்கள்.

போன சனிக்கிழமை மறுபடி சொட்டு விட்டேன். மறுநாள் அளந்து பார்த்தபோது மடிந்துதான் இருந்தது. அவர்கள் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி.

பெரிய தொரையிடம் எப்போது கேட்டாளோ தெரியாது, அனுமதி வாங்கிக்கொண்டு தாரணி தானாகவே வந்தாள். தனக்குப் பெரிய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு புனலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். போனைச் சாய்த்து வைத்து அண்ணனைக் கூப்பிட்டாள். டயகமவில் அடைமழை, சவாரி இல்லை, அவரும் ஓட்டோவுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் பேச நேரம் நிறைய இருந்தது. பாதித் தமிழ், பாதி கை ஜாடை. நான் அடுத்த மேசையில் வேலை பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

"மாமா, அந்த முட்டை பேனர் இருக்கா?"

"ஓட்டோவுக்குப் பின்னால கட்டிட்டேன் பாப்பா. நல்லா மழை தாங்குது. ஒங்கம்மா மூஞ்சிலதான் சாரல் அடிக்கிது."

அவள் சிரித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அண்ணன் கொட்டாவி விட்டார். இன்னொரு சொட்டு விழுந்தது.

"என்னா பாப்பா, இன்னும் சொட்டிக்கிட்டேவா இருக்கு? யாரும் பாக்கல, லேசாத் தொறந்து வுட்டா என்னா?"

தாரணி குழாயைப் பார்த்தாள். இரண்டு கையையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மாட்டேன் போங்க மாமா," என்றாள்.